கணனி மௌனமானால் கடைக்காரர் விழிக்க வேண்டும்

"தம்பி, நம்மட செக் ஒன்று திரும்பி வந்திருக்கு. முப்பது வருஷ வியாபாரத்தில இது முதல் தடவை."

மதுரங்குளிச் சந்தியில் தீவன மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு தொலைபேசியில் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. அவரது கடைக் கணக்குகளை மாதத்தில் இரண்டு தடவை போய்ப் பார்ப்பவன் நான். கடைக்குக் கணனியும் வியாபார முகாமைத்துவ மென்பொருளும் வாங்க வைத்தவனும் நானே. எனவே அந்தச் செய்தியில் எனக்கும் பங்கு இருந்தது.

திரும்பிய காசோலையின் பெறுமதி 480,000 ரூபா. கொழும்பிலுள்ள தீவனக் கொம்பனி ஒன்றுக்குப் பிந்திய திகதியிட்டுக் கொடுத்தது. ஹாஜியாரிடம் பணம் இல்லாமல் இல்லை. இன்னொரு வங்கிக் கணக்கில் அதைவிடக் கூடுதலாகவே கிடந்தது. முதல் நாள் யாராவது ஞாபகப்படுத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிப் போட்டிருப்பார். ஞாபகப்படுத்தும் பொறுப்பைக் கணனியிடம் கொடுத்திருந்தோம். காசோலைத் திகதிக்கு முதல் நாள் காலையில், "நாளை இந்தக் கணக்கில் இவ்வளவு பணம் இருக்க வேண்டும்" என்று தானாக ஒரு மின்னஞ்சல் வரும். ஒன்றரை வருடமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இந்தத் தடவை வரவில்லை.

கொம்பனி அன்றே லொறியை நிறுத்திவிட்டது. இனிக் கையில் காசு வைத்தால்தான் சரக்கு என்றார்கள். முந்தல் களப்பு ஓரமாக இறால் பண்ணை வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் தீவனத்துக்குக் காத்திருந்தார்கள். அதைவிட என் மனதைக் குடைந்தது வேறொன்று. கடையில் கணக்கு எழுதும் இளைஞனை ஹாஜியார் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"மெயில் பார்க்கிறது அவன்ட வேலை. பார்க்கல்ல. திங்கட்கிழமையிலிருந்து வர வேணாமென்று சொல்லிட்டன்" என்றார்.

அந்த இளைஞனுக்கு நான் தொலைபேசி எடுத்தேன். "அல்லாஹ்மேல ஆணையா எனக்கு மெயில் வரல்ல, நானா" என்று மட்டும் சொன்னான். குரல் உடைந்திருந்தது.

வாசகர்களே, கணனியில் பிழை தேடுவது தொழில்நுட்பக்காரரின் வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். அன்று எனக்கு அது ஒரு வழக்கை விசாரிப்பது போல இருந்தது. ஒரு பக்கம் முதலாளியின் நாணயம். மறுபக்கம் ஓர் ஏழைப் பிள்ளையின் வேலையும் பெயரும்.

பின்னாலிருந்து முன்னுக்கு

தானாக வரும் அறிவித்தல் ஒரே வேலை போலத் தோன்றினாலும் உண்மையில் அது ஒரு சங்கிலி. முதலில் ஒரு பதிவு நடக்க வேண்டும். அந்தப் பதிவு நாம் வைத்த நிபந்தனைக்குப் பொருந்த வேண்டும். உரிய நேரத்தில் மென்பொருள் அதைப் பார்க்க வேண்டும். பிறகு மின்னஞ்சலை அனுப்ப வேண்டும். மறுமுனையில் அது ஏற்கப்பட வேண்டும். கடைசியாக ஒரு மனிதன் அதை வாசித்துக் காரியமாற்ற வேண்டும். எந்த இடத்தில் அறுந்தாலும் வெளியில் தெரிவது ஒன்றேதான்: எதுவும் வரவில்லை.

நான் மறுமுனையிலிருந்து தொடங்கினேன். இளைஞனின் பெட்டியில் உள்வந்தவை, குப்பை, அழிக்கப்பட்டவை என்று எல்லாவற்றையும் பார்த்தோம். இல்லை. மென்பொருளுக்குள் போனேன். காசோலை சரியான திகதியுடன் பதியப்பட்டிருந்தது. அறிவித்தல் விதியும் இயங்கிக்கொண்டிருந்தது. நேரமும் சரி. அடுத்ததாக, வெளியே போகும் மின்னஞ்சல்களின் வரிசையைத் திறந்தேன். அங்கேதான் விடை இருந்தது. 23 மின்னஞ்சல்கள் "அனுப்ப முடியவில்லை" என்ற குறிப்புடன் அடுக்காகக் கிடந்தன. முதலாவது மின்னஞ்சல் தோற்ற நாள் அதற்கு 19 நாட்கள் முந்தியது. காரணமாக எழுதியிருந்தது, கணக்குக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது என்பது.

19 நாட்களுக்கு முன் என்ன நடந்தது என்று ஹாஜியாரிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துச் சொன்னார். அவரது இளைய மகன் புத்தளம் பஸ்ஸில் தொலைபேசியைப் பறிகொடுத்திருக்கிறார். புத்திசாலிப் பிள்ளை. அன்றிரவே கடையின் ஜிமெயில் கணக்குக்குக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். செய்தது முற்றிலும் சரி. ஆனால் அதன் பின்விளைவை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இதைச் சற்று விளக்க வேண்டும். 2022 மே 30 முதல், பிற மென்பொருட்கள் சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஜிமெயில் கணக்குக்குள் நுழைவதைக் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. அதன்பின் நம்மைப் போன்ற பல சிறு வியாபாரிகள் செய்தது, இரு கட்டப் பாதுகாப்பை ஏற்படுத்திவிட்டு, மென்பொருளுக்கென்று 16 எழுத்துக்கள் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்றுக் கொடுப்பது. கணக்கின் பிரதான கடவுச்சொல்லை மாற்றினால் இந்தத் தனிக் கடவுச்சொற்கள் எல்லாம் அந்தக் கணமே செல்லாமற் போய்விடும். திருடனுக்குப் பூட்டிய கதவு கடையின் கணக்கப்பிள்ளைக்கும் சேர்த்தே பூட்டப்பட்டுவிட்டது.

அப்படியானால் மென்பொருள் ஏன் முறையிடவில்லை? முறையிட்டது. "மின்னஞ்சல் அனுப்ப முடியவில்லை" என்று அது ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை அனுப்ப முயன்றிருக்கிறது. அந்த எச்சரிக்கையும் அதே ஜிமெயில் கணக்கு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. பாலம் உடைந்துவிட்டது என்று சொல்ல அனுப்பிய ஆள் அதே பாலத்தைக் கடந்துதான் வர வேண்டுமென்றால் செய்தி எப்படி வந்து சேரும்? அப்படி ஏற்பாடு செய்து வைத்தவன் நான். இளைஞன் குற்றமற்றவன்.

அந்த 19 நாட்களில் வேறு மூன்று காசோலைகளும் வங்கிக்குப் போயிருந்தன. கணக்கில் தற்செயலாகப் பணம் இருந்ததால் அவை கடந்து போயின. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அறிவித்தல் வராதபோது எல்லோரும் எண்ணிக்கொண்டது, "இந்தக் கிழமை காசோலை ஒன்றும் இல்லை போலும்" என்பதே.

காசோலை இப்போது காத்திருப்பதில்லை

முன்பெல்லாம் தூர ஊர்க் காசோலை மாறுவதற்குப் பல நாட்கள் எடுக்கும். காகிதமே ஊர் ஊராகப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. மறந்துபோன வியாபாரிக்கு இடையில் மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. 2006 மே மாதத்தில் இலங்கையில் காசோலையின் படத்தை மட்டும் கணனி வழியாக அனுப்பித் தீர்க்கும் முறை வந்தது. இன்று கொழும்பில் வைப்பிலிடப்படும் மதுரங்குளிக் காசோலை பொதுவாக அடுத்த வேலை நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. நாட்டுக்கு இது பெரிய நன்மை. ஆனால் மறதிக்கு இருந்த அவகாசம் போய்விட்டது.

சட்டமும் நினைவிலிருக்க வேண்டும். 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, கணக்கில் பணம் இல்லையென்று தெரிந்துகொண்டு காசோலை கொடுப்பது குற்றமாகும். ஹாஜியாரின் நிலை அதுவல்ல. இருந்தாலும் திரும்பிய காசோலையைக் கையில் வைத்திருப்பவருக்கு நம் உள்ளத்து நோக்கம் எப்படித் தெரியும்? அவர் காண்பது வங்கி முத்திரை குத்திய காகிதத்தைத்தான்.

அச்சுப்பொறி ஓய்ந்த வெள்ளிக்கிழமை

மதுரங்குளிக் கடையில் நடந்தது சிறிய விடயம். இதே தவறு ஒரு நாட்டின் மத்திய வங்கியிலும் நடந்திருக்கிறது. அதில் இலங்கையின் பெயரும் அடிபட்டது.

பங்களாதேஷ் மத்திய வங்கியின் டாக்காத் தலைமையகத்தில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. ஸ்விஃப்ட் எனப்படும் சர்வதேச வங்கிச் செய்தி முறை வழியாக வரும் போகும் செய்திகளையெல்லாம் இரவு பகலாகத் தானாக அச்சிட்டுத் தள்ளுவது அதன் வேலை. 2016 பெப்ரவரி 4 ஆம் திகதி வியாழக்கிழமை இரவு, வங்கியின் கணனிகளுக்குள் ஏற்கனவே புகுந்திருந்த திருடர்கள், நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியிலிருந்த பங்களாதேஷின் பணத்தை மாற்றும்படி 35 கட்டளைகளை அனுப்பினார்கள். மொத்தம் சுமார் 951 மில்லியன் டொலர். அச்சுப்பொறி காட்டிக்கொடுத்துவிடாதபடி அதையும் தங்கள் நச்சு மென்பொருளால் முடக்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பங்களாதேஷில் வார விடுமுறை. கடமைக்கு வந்த அதிகாரிகள் அச்சுப்பொறியில் ஒரு காகிதமும் வெளிவராததைக் கண்டார்கள். இயக்கிப் பார்த்தார்கள். முடியவில்லை. வழமையாக வரும் கோளாறுதானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை ஒருவாறு அச்சிட்டபோதுதான் நியூயோர்க்கிலிருந்து விளக்கம் கேட்டு வந்திருந்த செய்திகள் வெளிவந்தன. இப்போது நியூயோர்க்கில் வார இறுதி. பதில் சொல்ல ஆளில்லை. திங்கட்கிழமை பிலிப்பைன்ஸ் வங்கிக்கு, "பணத்தை நிறுத்துங்கள்" என்று செய்தி அனுப்பினார்கள். அங்கே அன்று சீனப் புத்தாண்டு விடுமுறை. அடுத்த நாள் அந்தச் செய்தி கவனிக்கப்படுவதற்குள் பெரும்பகுதிப் பணம் எடுக்கப்பட்டுவிட்டது.

35 கட்டளைகளில் 5 நிறைவேறின. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. அந்தப் பெயரில் "ஃபவுண்டேஷன்" என்ற ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையுடன் இருந்ததை இடையிலிருந்த வங்கி கவனித்து விசாரித்தது. அதனால் இலங்கைக்கு வந்த 20 மில்லியனும் திருப்பி எடுக்கப்பட்டது. அடுத்த மாதம் பங்களாதேஷ் மத்திய வங்கியின் ஆளுநர் அதிஉர் ரஹ்மான் பதவி விலகினார்.

இதில் நமக்குப் பாடம் எங்கே இருக்கிறது? அச்சுப்பொறி ஓய்ந்ததே அங்கு பெரிய எச்சரிக்கை. அதை யாரும் எச்சரிக்கையாக வாசிக்கவில்லை. சத்தம் போட்டால் ஓடி வருவோம், சத்தமில்லாவிட்டால் நிம்மதியாக இருப்போம் என்ற பழக்கத்திலேயே எல்லோரும் இருந்தார்கள்.

பாங்கு கேட்காவிட்டால்

ஊரில் மஹ்ரிப் பாங்கு ஒருநாள் கேட்காவிட்டால் என்ன செய்கிறோம்? இன்றைக்கு மஹ்ரிப் இல்லை போலும் என்று யாராவது படுத்துக்கொள்கிறோமா? கடிகாரத்தைப் பார்க்கிறோம். மின்சாரம் இல்லையா, ஒலிபெருக்கி பழுதா என்று விசாரிக்கிறோம். சிறு பிள்ளையைப் பள்ளிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவரச் சொல்கிறோம். காரணம், பாங்கு வர வேண்டிய நேரம் நமக்கு முன்கூட்டியே தெரியும். அது வராததே ஒரு செய்தியாகிவிடுகிறது.

நமது கணனியிடமும் இதைத்தான் கேட்க வேண்டும். காசோலை இருக்கும் நாளில் மட்டும் பேசு என்று நான் அதற்குச் சொல்லி வைத்திருந்தேன். அதுதான் என் தவறு. இப்போது மாற்றிவிட்டேன். வேலை நாட்களில் தினமும் காலை 8.30 மணிக்கு ஓர் அறிவித்தல் வரும். காசோலை இருந்தால் விபரம் இருக்கும். இல்லாவிட்டால், "நாளைக்குச் செலுத்த வேண்டிய காசோலை எதுவும் இல்லை" என்றாவது வரும். இளைஞன் அதைப் பார்த்துக் கொப்பியில் ஒரு சரி அடையாளம் போடுகிறான். 9 மணியாகியும் வரவில்லையென்றால் கணனி சுகமில்லை என்று பொருள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இந்த முறையை "இதயத் துடிப்பு" என்கிறார்கள். நான் பாங்கு என்றே ஹாஜியாருக்கு விளங்கப்படுத்தினேன். உடனே புரிந்துகொண்டார்.

அறிவித்தல் வராதபோது தேட வேண்டிய இடங்கள்

இதே தொல்லையில் அகப்பட்டிருக்கும் வாசகர்களுக்காக, பல கடைகளில் நான் கண்ட காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வெளிச்செல்லும் வரிசை. ஓடூ, ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் போன்ற மென்பொருட்களில் அனுப்பிய, அனுப்ப முடியாமற்போன மின்னஞ்சல்களின் பட்டியல் தனியாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதலில் அதைத் திறவுங்கள். அங்கே மின்னஞ்சல் தோல்வியுற்றிருந்தால் கடவுச்சொல், இணைப்பு, அல்லது நாளாந்த எல்லை ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 500 பேருக்கு மேல் அனுப்ப விடமாட்டார்கள். பெருநாள் விற்பனைக்கு எல்லா வாடிக்கையாளருக்கும் விளம்பரம் அனுப்பிய அன்று, காசோலை அறிவித்தலும் சேர்ந்து நின்றுபோகலாம்.

இரண்டாவது, நிபந்தனை. அரிசி மூடை 50 ஆகக் குறைந்தால் அறிவி என்று எழுதியிருப்பார்கள். கையிருப்பு 52. ஒருவர் வந்து 4 மூடை வாங்குகிறார். இப்போது 48. கணனிக்கு 50 என்ற எண் கண்ணில் படவே இல்லை. "50 அல்லது அதற்குக் குறைவு" என்று எழுத வேண்டும்.

மூன்றாவது, பதிவு நுழைந்த வழி. புதிதாக ஒரு பற்றுச்சீட்டை எழுதும்போது மட்டும் இயங்கும்படி விதி வைத்திருப்போம். பிறகு திகதியைத் திருத்தினால் அது இயங்காது. எக்ஸெல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றிய பதிவுகளுக்குச் சில மென்பொருட்களில் அறிவித்தல் விதிகள் இயங்குவதே இல்லை.

நான்காவது, நேரம். மென்பொருள் இயங்கும் கணனி வெளிநாட்டில் இருந்து, சர்வதேசப் பொது நேரத்தில் ஓடினால், காலை 8 மணி என்று நாம் வைத்தது இங்கே பிற்பகல் 1.30 மணிக்குத்தான் வரும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. இதில் இலங்கைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1996 இல் இரண்டு தடவை நேரத்தை மாற்றினோம். 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரைக்கே வந்தோம். பழைய கணனியில் எது பதியப்பட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. மென்பொருள் கடைக் கணனியிலேயே இருந்தால் இன்னொரு சிக்கல். கணனியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால், அதிகாலை 5 மணிக்கு வைத்த வேலையை யார் செய்வது? 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாமும் இருட்டில்தான் இருந்தோம்.

ஐந்தாவது, பெறுநர். கட்டாருக்குப் போய்விட்ட பழைய முகாமையாளரின் தனிப்பட்ட விலாசத்துக்கு இன்னும் அறிவித்தல் போய்க்கொண்டிருக்கும் கடைகளைக் கண்டிருக்கிறேன். ஆளின் பெயரில் வைக்காமல் பதவியின் பெயரில் ஒரு விலாசம் வையுங்கள். ஆள் மாறும்போது அதை வாசிப்பவர் மட்டும் மாறினால் போதும்.

ஆறாவது, மறுமுனையின் வாசல். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. சொந்தப் பெயரில் இணைய விலாசம் வைத்து அதிலிருந்து மின்னஞ்சல் அனுப்புபவர்கள், "இந்தக் கணனி எங்கள் சார்பில் அனுப்ப அதிகாரம் பெற்றது" என்பதற்கான எஸ்.பி.எஃப். அல்லது டி.கிம் என்ற பதிவைச் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போகலாம், அல்லது வாசலிலேயே திருப்பப்படலாம். விலாசத்தைப் பதிந்து கொடுத்தவரிடம் கேட்டால் செய்து தருவார்.

கூடினாலும் ஆபத்து

இதையெல்லாம் வாசித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் அறிவித்தல் வைத்துவிடுவோம் என்று யாரும் புறப்பட வேண்டாம். 2012 ஓகஸ்ட் 1 ஆம் திகதி அமெரிக்காவில் நைட் கெப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம், புதிய மென்பொருளில் ஏற்பட்ட பிழையால் சுமார் 45 நிமிடங்களில் பெருந்தொகைப் பங்குகளைத் தவறாக வாங்கி விற்றது. நட்டம் 460 மில்லியன் டொலருக்கு மேல். பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், சந்தை திறப்பதற்கு முன்பே அந்தப் பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களைக் கணனி ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை அவசர எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே எவரும் அவற்றைப் பார்த்துக் காரியமாற்றவில்லை.

டாக்காவில் மௌனத்தை யாரும் கேட்கவில்லை. அங்கே பேச்சை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு சோப்புக்கட்டி விற்பனைக்கும் ஹாஜியாரின் தொலைபேசி சத்தமிட்டால், காசோலைச் சத்தமும் அதில் அமிழ்ந்துவிடும். பணம், காலாவதி, கையிருப்பு என்று தவறினால் நட்டம் தரும் மூன்று நான்கு விடயங்களுக்கு மட்டும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்னார்தான் பொறுப்பு என்று ஒரு பெயரை எழுதி வையுங்கள்.

இரண்டாவது பாதை

நாம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் வெளியே உள்ள பாதை உடையலாம். தமிழர் ஒருவர் நடத்தி உலகப் புகழ் பெற்ற ஸோஹோ நிறுவனத்தை வாசகர்கள் அறிவீர்கள். 1996 இல் ஸ்ரீதர் வேம்புவும் அவரது கூட்டாளிகளும் தொடங்கியது. சென்னையைத் தளமாகக் கொண்டது. தென்காசிக்கு அருகே கிராமத்திலும் அலுவலகம் வைத்திருப்பது. கணக்கு, விற்பனை, மின்னஞ்சல் என்று வியாபாரத்துக்கான மென்பொருட்களை உலகெங்கும் பல மில்லியன் பேருக்கு வழங்குவது. 2018 செப்டெம்பர் 24 ஆம் திகதி அந்த நிறுவனத்தின் இணைய விலாசமே திடீரென்று செயலிழந்தது. அதன் கணனிகளில் ஒரு கோளாறும் இல்லை. ஸோஹோ மின்னஞ்சலைத் தவறாகப் பயன்படுத்திய சிலரைப் பற்றிய ஒருசில முறைப்பாடுகளுக்காக, விலாசத்தைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் அதை முடக்கிவிட்டது. அந்த நிறுவனத்தின் மேலதிகாரிகளை அடைய உதவுங்கள் என்று வேம்புவே டுவிட்டரில் பகிரங்கமாகக் கேட்க வேண்டி வந்தது.

அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலையென்றால் சந்தியிலுள்ள தீவனக் கடைக்கு இரண்டாவது பாதை கட்டாயம் வேண்டும். மின்னஞ்சல் தோற்றால் அந்தச் செய்தி மின்னஞ்சலில் வராமல் குறுஞ்செய்தியாக வர வேண்டும். குறுஞ்செய்திக்கு முற்பணம் கட்டியிருந்தால் அது தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காகிதம். ஹாஜியாரின் கல்லாப்பெட்டிக்கு மேலே முன்பு ஒரு நாட்காட்டி தொங்கியது. காசோலைத் திகதிகளைச் சிவப்புப் பேனையால் அதில் வட்டமிட்டு வைப்பார். கணனி வந்த பிறகு, "இனி இது எதற்கு, ஹாஜியார்?" என்று கேட்டு அதைக் கழற்ற வைத்தவனும் நான்தான். இப்போது அது மறுபடியும் அதே ஆணியில் தொங்குகிறது.

எழுத்தும் சாட்சியும்

அல் குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படித்திருப்பார்கள். ஸூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம். அது கடனைப் பற்றியது. கடனை எழுதி வைக்கும்படி ஏவும் அந்த வசனம் எழுத்தோடு நின்றுவிடவில்லை. சாட்சிகளையும் ஏற்படுத்தச் சொல்கிறது. ஒருவர் மறந்தால் மற்றவர் ஞாபகப்படுத்த வேண்டும் என்பதையும் அங்கே காண்கிறோம். கணனி நல்ல எழுத்தாளன். ஆனால் அதைச் சாட்சியாகவும் ஆக்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட்டோம். எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு மனிதக் கண் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிழை எங்கே என்று தேடிப் பார்க்குமுன் ஆளின்மேல் குற்றம் சுமத்துவது நமது கடைகளில் சாதாரணமாகிவிட்டது. சம்பளம் குறைந்தவன், இளையவன், எதிர்த்துப் பேசாதவன் என்று பார்த்துக் குற்றம் போய் விழுகிறது. அன்று நான் அந்த வரிசையைத் திறந்து பார்க்காமல் விட்டிருந்தால், செய்யாத குற்றத்துக்கு ஓர் இளைஞன் வேலையிழந்திருப்பான். பிழையும் அப்படியே இருந்திருக்கும். அடுத்த காசோலையும் திரும்பியிருக்கும்.

வெள்ளிக்கிழமை இரவு கணனியைத் திருப்பி ஹாஜியாருக்குக் காட்டினேன். 23 வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகனின் பெயரையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. என் பெயரையும் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வாங்க தம்பி, அவன்ட வீட்டுக்குப் போவோம். நானே போய்க் கேட்க வேணும்" என்றார். போனோம். வாசலில் நின்று அந்தப் பிள்ளையிடம், "மாப் செய்யுங்க மகன்" என்று கேட்டார். அந்தப் பிள்ளையின் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதார்.

சனிக்கிழமை காலையில் இளைஞன் கடைக்கு வந்துவிட்டான். புதிய தனிக் கடவுச்சொல்லை நானும் அவனும் சேர்ந்து மென்பொருளில் போட்டோம். அதை எப்போது மாற்றினாலும் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டினான். தீவனக் கொம்பனி மறுபடியும் கடனுக்குச் சரக்குத் தர மூன்று மாதம் எடுத்தது. ஒரு மின்னஞ்சல் போகாததற்கு மூன்று மாதத் தண்டனை.

இதை வாசிக்கும் வியாபாரிகள் நாளைக் காலையில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கணனி கடைசியாக எப்போது உங்களிடம் பேசியது என்று பாருங்கள். பேசாமல் பல நாட்களாகியிருந்தால், நல்லது என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். வெளிச்செல்லும் வரிசையைத் திறந்து பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தால், யாரையும் ஏசுமுன் அதை வாசித்துவிடுங்கள்.